குளிரும் எலியும் வந்த ஒரே வழி: ஆர்.வி.யில் தனியாகக் கழித்த குளிர்காலம்

வீடாகவும் வண்டியாகவும் இருக்கும் ஆர்.வி.யில் ஒரு முழுக் குளிர்காலத்தைத் தனியாகக் கடந்து முடித்த பிறகு இதை எழுதுகிறேன். வண்டியை வாங்குவதற்கு முன் நான் விசாரித்தவர்கள் எல்லாரும் வாடகை மிச்சமாகும் என்றார்கள், விரும்பிய இடத்தில் இருக்கலாம் என்றார்கள். குளிரைப் பற்றிக் கேட்டால் "அதுதான் ஹீட்டர் இருக்கிறதே" என்று முடித்துவிட்டார்கள். எலியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்தக் குளிர்காலம் முடிந்தபோது, வாடகையில் மிச்சமாகும் என்று நான் கணக்குப் போட்டிருந்த தொகை முழுவதும் எரிவாயுவுக்கும் பழுது வேலைக்கும் போய்விட்டிருந்தது. பணம் போனதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். நள்ளிரவில், உதவிக்கு யாரும் இல்லாத ஒரு சிறிய அறையில், அடுத்து எது நின்றுபோகும் என்று பயந்தபடியே விழித்துக் கிடந்த இரவுகள்தாம் என்னை மிகவும் வாட்டின. குளிரையும் எலியையும் நான் இரண்டு தனித்தனித் தொல்லைகளாக நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒரே ஓட்டைகள் வழியாக வருகின்றன என்பதையும், ஒன்றுக்குச் செய்யும் பரிகாரம் மற்றொன்றை வளர்த்துவிடக்கூடும் என்பதையும் யாராவது முன்னதாகச் சொல்லியிருந்தால் அந்தச் செலவில் பாதியாவது குறைந்திருக்கும்.

எனக்கு வண்டியை விற்றவர், அது "நான்கு பருவங்களுக்கும் ஏற்ற வண்டி" என்று சொல்லித்தான் விற்றார். இந்தச் சொற்றொடர் பெரும்பாலும் விளம்பர வாசகம் மட்டுமே. இதை நம்பி வாங்குவதற்கு முன், எத்தனை டிகிரிக் குளிர் வரை சோதித்திருக்கிறார்கள் என்று எண்ணாகக் கேட்க வேண்டும். ஐரோப்பாவில் இதற்கு ஒரு நல்ல அளவுகோல் உண்டு. இழுவை வண்டிகளுக்கான இஎன் 1645, தானாக ஓடும் வண்டிகளுக்கான இஎன் 1646 ஆகிய தரநிலைகளில், வெளியே மைனஸ் 15 டிகிரி செல்சியஸ் இருக்கும்போது உள்ளே 20 டிகிரி வரை சூடேற்ற முடிகிற, அந்தக் குளிரிலும் தண்ணீர் ஓடுகிற வண்டிக்குத்தான் மூன்றாம் நிலைச் சான்று கிடைக்கும். இரண்டாம் நிலை என்றால் வெளியே 0 டிகிரி வரைதான் பொறுப்பு. நீங்கள் எந்த நாட்டில் வாங்கினாலும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம். தண்ணீர் டேங்குகள் எங்கே இருக்கின்றன, வண்டித் தரைக்குக் கீழே குழாய்கள் ஓடும் அடித்தளத்தை மூடியிருக்கிறார்களா, சூடான காற்றுக் குழாய் அந்த அடித்தளத்துக்குள்ளும் போகிறதா, ஜன்னல்கள் இரட்டைக் கண்ணாடியா என்ற நான்கு கேள்விகளுக்கு நேரான பதில் வராவிட்டால், அந்த வண்டி உறைபனிக் குளிருக்கானது அல்ல என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் எச்சரிக்கை குளிர் தொடங்குவதற்கு முன்பே வந்தது. இலையுதிர் காலத்தின் கடைசி வெயில் நாட்களில் நாற்றப் பூச்சிகளும் சிறு வண்டுகளும் ஜன்னல் ஓரங்களில் கூட்டமாகத் தென்பட்டன. அவை கடிப்பதற்காகவோ உணவுக்காகவோ வருவதில்லை. குளிர்காலத்தைக் கழிக்க ஒரு பொந்து தேடி வருகின்றன. அவற்றை நசுக்கினால் நாற்றம் போகாது என்பதால் வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி வெளியே கொட்டுவதே நல்லது. ஆனால் அதைவிட முக்கியமானது, அவை எங்கிருந்து வருகின்றன என்று கவனித்துக் குறித்துக்கொள்வது. பூச்சி நுழையும் இடுக்கு வழியாகத்தான் அடுத்த மாதம் குளிர்காற்று நுழையும். அந்த இடுக்குகளில் கொஞ்சம் பெரியவை சுண்டெலிக்கும் போதும்.

உறைபனி தொடங்கிய முதல் வாரத்தில் வெளியிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் ஹோஸ் கட்டையாக இறுகிவிட்டது. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிவடையும். குழாயைவிட, குழாய்கள் சேரும் இணைப்புகளும் வடிகட்டியின் கூடும் பம்பின் தலைப்பகுதியும்தான் முதலில் விரிசல் விடும். வெப்பக்கம்பி சுற்றிய ஹோஸ்கள் விற்கிறார்கள், அவை பயனுள்ளவைதாம். ஆனால் ஹோஸ் மட்டும் சூடாக இருந்து, அது மாட்டப்பட்டிருக்கும் வெளிக்குழாயும் வண்டியின் நுழைவாயும் திறந்து கிடந்தால் அங்கே உறைந்துவிடும். எனக்கு இறுதியில் ஒத்துவந்த முறை மிகவும் எளியது. பகலில் உள் டேங்கை நிரப்பி, ஹோஸைக் கழற்றி நீரை வடித்து உள்ளே வைத்துவிட்டு, பம்பின் மூலம் டேங்குத் தண்ணீரையே பயன்படுத்துவது. கழிவுநீர் விஷயத்தில் இன்னொன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். குளித்த தண்ணீர் தானாகப் போகட்டும் என்று வால்வைத் திறந்தே வைத்தால், சொட்டுச் சொட்டாக இறங்கும் நீர் கழிவுக் குழாயிலேயே அடுக்கடுக்காக உறைந்து அடைத்துக்கொள்ளும். வால்வை மூடியே வைத்திருந்து, டேங்க் நிறைந்த பிறகு ஒரே வேகத்தில் திறந்துவிட வேண்டும். குழாய்களில் உறையாத் திரவம் ஊற்றுவதாக இருந்தால் ஆர்.வி. குடிநீர்க் குழாய்களுக்கென்றே விற்கப்படும் புரோப்பிலீன் கிளைக்கால் வகையை மட்டும் வாங்குங்கள். கார் எஞ்சினுக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு.

எரிவாயுச் செலவு எனக்குப் பெரிய அதிர்ச்சியாக இருந்தது. பொதுவாக இந்த வண்டிகளில் இருக்கும் ஃபர்னஸ் எரிவாயுவை எரித்து, விசிறியால் சூடான காற்றைத் தள்ளும். மணிக்கு 30,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) திறன் கொண்ட ஒரு ஃபர்னஸ் இடைவிடாமல் எரிந்தால் 9 கிலோ புரோப்பேன் சிலிண்டர் 13, 14 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். விட்டுவிட்டு எரிவதால் நடைமுறையில் அதைவிடக் கூடுதல் நேரம் வரும் என்றாலும், கடுங்குளிர் இரவுகளில் அது அணைவதே அரிது. சிலிண்டரில் என்ன வாயு இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். புரோப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். பியூட்டேன் 0 டிகிரிக்கு அருகிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும். ஆகவே பியூட்டேன் அதிகமாகக் கலந்த சிலிண்டரை வெளியே வைத்தால், உள்ளே வாயு இருந்தும் அடுப்பு எரியாது. இரண்டு சிலிண்டர்கள் வைத்துக்கொண்டு, ஒன்று தீர்ந்தவுடன் அன்றைக்கே நிரப்பி வைப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். அதிகாலை மூன்று மணிக்குப் பனியில் நின்று வெறும் கையால் ரெகுலேட்டரைத் திருகுவது எத்தகைய வேதனை என்று எனக்குத் தெரியும்.

எரிவாயுவை மிச்சப்படுத்த எல்லாரும் சொல்லும் யோசனை, 1500 வாட் மின்சார ஹீட்டர் ஒன்றை உள்ளே வைத்துக்கொள்வது. அறை சூடாகும் என்பது உண்மைதான். ஆனால் அறை சூடாக இருந்தால் ஃபர்னஸ் ஓடாது, ஃபர்னஸ் ஓடாவிட்டால் அடித்தளத்தில் இருக்கும் குழாய்களுக்கும் டேங்குகளுக்கும் சூடான காற்று போகாது. மேலே நாம் நிம்மதியாக உட்கார்ந்திருக்கும்போது காலுக்குக் கீழே குழாய் உறைந்துகொண்டிருக்கும். அதனால் வெப்பநிலையைத் தொலைவிலிருந்து காட்டும் சிறிய சென்சார் ஒன்றை அடித்தளத்துக்குள் வைத்து, அது காட்டும் எண்ணைப் பார்த்தே எந்த ஹீட்டரை ஓட்டுவது என்று முடிவு செய்ய வேண்டும். இரவில் அறை முழுவதையும் சூடேற்றுவதைவிடப் படுக்கையைச் சூடேற்றுவது பல மடங்கு மலிவு. மின்சாரப் போர்வை 100 வாட் அளவில்தான் எடுக்கும். ஹீட்டரை எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டவே கூடாது. அதன் பிளக் சூடாகிறதா என்று கையால் தொட்டுப் பார்ப்பதை இன்றுவரை நான் விடவில்லை.

இவ்வளவு கவனமாக இருந்தும் ஒருநாள் காலை சமையலறைக் குழாயில் தண்ணீர் வரவில்லை. மதியம் வெயில் ஏறியபோது வண்டிக்கு அடியில் சொட்டும் சத்தம் கேட்டது. பழுது பார்க்க வந்தவர் அடித்தளத்தை மூடியிருந்த பிளாஸ்டிக் தகட்டைக் கழற்றியபோது, தண்ணீரோடு சேர்ந்து பிய்த்தெடுத்த பஞ்சும் புழுக்கையும் கொட்டின. குழாயைக் குளிரிலிருந்து காக்கச் சுற்றியிருந்த இன்சுலேஷன் பஞ்சைச் சுண்டெலிகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்து எடுத்துப்போய், சூடான காற்றுக் குழாயின் ஓரத்தில் கூடு கட்டியிருந்தன. அவை வெறுமையாக்கிவிட்டுப் போன அந்தச் சிறு பகுதியில்தான் குழாய் உறைந்து வெடித்திருந்தது. எலி நுழைந்த துளையோ, கழிவுக் குழாய் தகட்டைத் துளைத்து இறங்கும் இடத்தில் இருந்த இடைவெளி. அதே இடைவெளி வழியாகக் குளிர்காற்று நேராகக் குழாயின் மீது வீசிக்கொண்டிருந்தது. அன்றைக்கு நான் அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. பழுதுக்கூலி ஒரு பக்கம் இருக்க, என் கட்டிலுக்குக் கீழே இத்தனை நாளாக ஒரு குடும்பம் குடியிருந்திருக்கிறது என்ற எண்ணமே உடலைக் கூசச் செய்தது.

கூடு கலைக்கப்பட்டதும் எலிகள் வெளியேறவில்லை, மேலே வந்தன. இரவில் அலமாரிக்குப் பின்னால் பிறாண்டும் சத்தம், இழுப்பறையில் புழுக்கை, தானியப் பையின் மூலையில் ஓட்டை என்று ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. சுண்டெலி மூன்று வாரத்தில் குட்டி போடும், ஒரு ஈற்றில் ஐந்தாறு குட்டிகள் சாதாரணம், அந்தக் குட்டிகளும் ஒன்றரை மாதத்தில் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். ஆகவே ஒரு புழுக்கையைக் கண்ட அன்றே இறங்கி வேலை செய்யாவிட்டால் விஷயம் கைமீறிப் போய்விடும். எலி உணவைத் தின்பதைவிட வயரைக் கடிப்பதுதான் ஆபத்து. ஃபர்னஸின் விசிறி 12 வோல்ட் மின்சாரத்தில் ஓடுவது. அதற்குப் போகும் வயரை எலி கடித்துவிட்டால், சிலிண்டர் நிறைய எரிவாயு இருந்தாலும் ஃபர்னஸ் எரியாது. எனக்கு அது நடந்தது, அந்தப் பருவத்தின் மிகக் கடுமையான குளிர் இரவு ஒன்றில். உறக்கத்திலிருந்து விழித்தபோது மூச்சு புகையாக வெளிவந்தது, விசிறியின் சத்தம் இல்லை. இருந்த துணிகளையெல்லாம் உடுத்திக்கொண்டு, மின்சார ஹீட்டரைக் காலடியில் வைத்து, விடியும் வரை உட்கார்ந்தே இருந்தேன். அந்த இரவுக்குப் பிறகு ஒரு விதி வைத்துக்கொண்டேன்: எரிவாயுவில் ஒன்று, மின்சாரத்தில் ஒன்று என ஒன்றையொன்று நம்பியிராத இரண்டு வெப்ப வழிகள் எப்போதும் தயாராக இருக்க வேண்டும்.

எலி பிடிப்பதற்கு நான் பணம் கொடுத்து வாங்கிய பொருள்களில் பெரும்பாலானவை வீண். மனிதக் காதுக்குக் கேட்காத அல்ட்ராசோனிக் ஒலியெழுப்பி எலியைத் துரத்துவதாகச் சொல்லும் கருவிகளை முதலில் வாங்கினேன். அதன் பக்கத்திலேயே மறுநாள் புழுக்கை கிடந்தது. இந்தக் கருவிகளின் விளம்பர வாக்குறுதிகளுக்கு அறிவியல் ஆதாரம் வேண்டும் என்று அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2001-லேயே அறுபதுக்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்களையும் விற்பனையாளர்களையும் எச்சரித்திருந்தது என்பதைப் பிறகுதான் படித்தேன். புதினா எண்ணெயும் வாசனைப் பைகளும் சில நாள் வாசனையைத் தந்தன, அவ்வளவுதான். விஷத்தை வண்டிக்குள் வைக்கவே வேண்டாம். தின்ற எலி சுவருக்குள் போய்ச் செத்தால் அதை எடுக்க வழியில்லை, அந்த நாற்றத்தோடு ஜன்னலைத் திறக்க முடியாத குளிரில் வாழ வேண்டியிருக்கும். பலன் கொடுத்தவை பழைய பாணி விசைப் பொறிகள் மட்டுமே. எலி நடுத்தரையில் ஓடாது, சுவரை ஒட்டியே ஓடும். எனவே பொறியைச் சுவருக்குச் செங்குத்தாக, இரை வைத்த முனை சுவரைத் தொடும்படி வைக்க வேண்டும். இரை பட்டாணி அளவு வேர்க்கடலை வெண்ணெய் போதும். அதிகம் வைத்தால் பொறி விழாமலேயே நக்கிவிட்டுப் போகும். சுண்டெலி தன் கூட்டிலிருந்து சில மீட்டர் தூரத்துக்குள்தான் நடமாடும் என்பதால், ஒரே ஒரு பொறியை வைத்துவிட்டுக் காத்திராமல், புழுக்கை கண்ட இடங்களிலெல்லாம் ஒரே இரவில் பல பொறிகளை வைப்பதே நல்லது. காலையில் பொறியைப் பார்ப்பது எனக்குக் கடைசி வரை கஷ்டமாகவே இருந்தது. வேறு வழி இருந்திருந்தால் செய்திருப்பேன்.

சுத்தம் செய்வதைப் பற்றி நான் மிக அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. எலிப்புழுக்கையையும் கூட்டையும் கண்டவுடன் விளக்குமாற்றால் கூட்டுவதோ வாக்குவம் போடுவதோ கூடாது. சில வகை எலிகளின் சிறுநீரிலும் புழுக்கையிலும் ஹான்டா வைரஸ் இருக்கக்கூடும். அது காய்ந்து தூசியாகக் கிளம்பும்போது மூச்சின் வழியே உள்ளே போகும். 1993-ல் அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதியில் ஆரோக்கியமான இளைஞர்கள் மூச்சுத்திணறி இறந்தபோதுதான், மான் எலி எனப்படும் காட்டுச் சுண்டெலி மூலம் பரவும், நுரையீரலைத் தாக்கும் ஹான்டா வகை வெளிச்சத்துக்கு வந்தது. முதலில் கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் வெளியே நிற்க வேண்டும். பிறகு கையுறை அணிந்து, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, புழுக்கையின் மீது நன்றாக நனையும்படி தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டுக் காகிதத் துணியால் துடைத்தெடுத்துப் பையில் கட்டிப் போட வேண்டும். செத்த எலியையும் பொறியையும் இப்படியே நனைத்துவிட்டுத்தான் தொட வேண்டும். அதன்பின் சில வாரங்களுக்குள் காய்ச்சலும் தசைவலியும் வந்தால், எலிக் கழிவைச் சுத்தம் செய்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அடைப்பு வேலைக்கு நான் இரண்டு வாரயிறுதிகளைச் செலவிட்டேன். அந்தக் குளிர்காலத்தில் செய்தவற்றில் மிகவும் பயன்பட்ட வேலை அதுதான். பென்சில் நுழையும் அளவு, அதாவது சுமார் 6 மில்லிமீட்டர் துளை சுண்டெலிக்குப் போதும். இருட்டிய பிறகு வண்டிக்குள் எல்லா விளக்குகளையும் போட்டுவிட்டு, வெளியே அடியில் படுத்துப் பார்த்தால் வெளிச்சம் கசியும் இடங்கள் தெரியும். காற்று வீசும் நாளில் ஊதுபத்தியை உள்ளே சுவரோரம் கொண்டுபோனால் புகை எங்கே அலைகிறதோ அங்கே இடுக்கு இருக்கிறது. மின்கம்பி உள்ளே வரும் மூடி, எரிவாயுக் குழாய் நுழையும் இடம், கழிவுக் குழாயைச் சுற்றிய வளையம், வெளியே நீளும் அறைப்பகுதியின் நான்கு மூலைகள், சமையல் தொட்டிக்கும் கழிப்பறைக்கும் கீழே குழாய்கள் தரையைத் துளைக்கும் இடங்கள் ஆகியவற்றில்தான் எனக்கு அதிகம் கிடைத்தன. தெளித்ததும் உப்பி இறுகும் ஸ்ப்ரே ஃபோம் மட்டும் அடித்தால் காற்று நிற்கும், எலி நிற்காது. ஒரே இரவில் கடித்துவிடும். துளைக்குள் செம்புக் கம்பி வலையை இறுக்கமாகத் திணித்து, அதன் மேல் சீலன்ட் எனப்படும் அடைப்புப் பசையைப் பூச வேண்டும். பாத்திரம் தேய்க்கும் இரும்புக் கம்பிநார் அவசரத்துக்கு உதவும், ஆனால் ஈரத்தில் துருப்பிடித்து உதிர்ந்துவிடும். எலி வண்டியில் ஏறும் வழிகளையும் பாருங்கள். சக்கரம், தாங்குகால், மின்கம்பி, ஹோஸ் எல்லாமே எலிக்கும் எறும்புக்கும் ஏணிதான். புல்லும் சருகும் வண்டியைத் தொடாமல் சுற்றிலும் வெறுந்தரையாக வைத்திருப்பதில் பாதி வேலை முடிந்துவிடும். உணவை மூடி போட்ட கண்ணாடி அல்லது உலோகப் பாத்திரங்களிலும், குப்பையை வெளியேயும் வைத்தால் மீதிப் பாதி முடிந்துவிடும். அட்டைப்பெட்டிகளை உள்ளே வைத்துக்கொள்ளாதீர்கள். கரப்பான் முட்டைகள் அவற்றோடுதான் பெரும்பாலும் வந்து சேருகின்றன.

எலியின் மீதும் குளிரின் மீதும் உள்ள கோபத்தில் எல்லா ஓட்டைகளையும் அடைத்துவிடக் கூடாது. ஃபர்னஸ், தண்ணீர் ஹீட்டர், எரிவாயுவில் ஓடும் ஃபிரிட்ஜ் ஆகியவற்றின் காற்று வழிகளும் புகை வழிகளும், எரிவாயு கசிந்தால் வெளியேறுவதற்காகத் தரையில் விட்டிருக்கும் திறப்புகளும் அடைபடவே கூடாதவை. புரோப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். அதனால்தான் அதன் அலாரம் தரைக்கு அருகில் இருக்கிறது. திறப்பு பெரிதாக இருந்து எலி வரும் என்று பயமிருந்தால், தயாரிப்பாளரின் கையேடு அனுமதிக்கும் உலோக வலையை மட்டும் பொருத்துங்கள். சில ஃபர்னஸ்களுக்கு வலையே கூடாது என்று எழுதியிருப்பார்கள். கோடையில் குளவிகள் இந்தப் புகைவழிக்குள் மண்கூடு கட்டும், பர்னர் குழாய்களுக்குள் சிலந்தி வலை பின்னும். எனவே முதல் குளிருக்கு முன் ஃபர்னஸைத் திறந்து சுத்தம் செய்துகொள்வது அவசியம்.

புகைவழி அடைபட்டால் என்ன ஆகும் என்பதை நான் அனுபவித்தேன். கனத்த பனிப்பொழிவுக்குப் பிறகு ஒரு விடியற்காலையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் அலறியது. எனக்குத் தலை கனத்துக் கிடந்தது, சளிபிடித்திருக்கிறது என்றுதான் முதல் கணம் நினைத்தேன். அந்த நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, மயக்கம், குமட்டல் என்று சாதாரண உடல்நலக்குறைவாகவே தெரியும். போர்வையோடு வெளியே ஓடிப் பார்த்தால், கூரையிலிருந்து சரிந்த பனி ஃபர்னஸின் புகைவாயை முழுவதுமாக மூடியிருந்தது. அலாரம் இல்லாவிட்டால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன் என்று உறுதியாக நம்புகிறேன். இந்த அலாரங்களுக்கு ஆயுள் உண்டு. பின்புறம் அச்சிட்டிருக்கும் தேதியைப் பார்த்து, காலாவதியானதை உடனே மாற்றுங்கள். பனி பெய்த ஒவ்வொரு முறையும் புகைவாயைச் சுத்தம் செய்யுங்கள். அடுப்பைப் பற்றவைத்துக் குளிர்காயவே வேண்டாம்.

அடுப்பில் குளிர்காயக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணம் ஈரம். ஒரு கிலோ புரோப்பேன் எரியும்போது சுமார் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வெளிவருகிறது. ஃபர்னஸ் அதை வெளியே தள்ளிவிடும். அடுப்பும் புகைவழி இல்லாத ஹீட்டரும் அறைக்குள்ளேயே விட்டுவிடும். சமையல், குளியல், நம் மூச்சு எல்லாம் சேர்ந்து, இறுக்கி அடைத்த வண்டியில் ஜன்னல்களில் நீர் வழியத் தொடங்கும். என் மெத்தையைத் தூக்கிப் பார்த்தபோது அதன் அடிப்பக்கம் முழுவதும் பூஞ்சை படர்ந்திருந்தது. அதைத் தூக்கியெறிய வேண்டியதாயிற்று. மெத்தைக்கும் பலகைக்கும் இடையே காற்று போகும்படி சட்டங்கள் அடித்து உயர்த்தினேன், அலமாரிக் கதவுகளைத் திறந்து வைத்தேன், சமைக்கும்போதும் குளிக்கும்போதும் காற்றை வெளியேற்றும் கூரை விசிறியை ஓட்டினேன். இதில் கொஞ்சம் வெப்பம் வீணாகத்தான் செய்யும், ஆனாலும் செய்தாக வேண்டும். ஈரப்பதம் காட்டும் கருவியில் 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. அதற்கு மேல் போனால் பூஞ்சையும், ஈரத்தை நாடும் வெள்ளிமீன் பூச்சிகளும் வந்துவிடும். ஈரம் உறிஞ்சும் மின்கருவி வாங்குவோர் கவனிக்க: கம்ப்ரஸர் வகை குளிர்ந்த அறையில் சரியாக வேலை செய்யாது, உலர்த்தும் பொருள் கொண்ட வகை செய்யும்.

வண்டியின் அடியைச் சுற்றிக் கட்டும் ஸ்கர்ட்டிங் மறைப்பு குளிருக்கு மிக நல்லது. அடியில் காற்று வீசுவது நின்றாலே தரையின் குளிர்ச்சி நன்றாகக் குறைந்துவிடும். ஆனால் காற்றில்லாத, சற்றே கதகதப்பான அந்த இடம் எலிக்கும் அரண்மனை. வைக்கோல் கட்டுகளை அடுக்கினால் மலிவாக முடியும் என்று சொல்வார்கள், தயவுசெய்து கேட்காதீர்கள்: வைக்கோல் எலிக்குக் கூடாகவும் ஆகும், ஒரு தீப்பொறிக்கு விறகாகவும் ஆகும். தடித்த வினைல் துணி அல்லது ஃபோம் பலகையைத் தரையோடு இறுக்கமாகப் பொருத்தி, புகைவாய்களை மறைக்காமல் வெட்டிவிட்டு, உள்ளே பொறிகளையும் வைத்து வாரம் ஒருமுறை ஒரு பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். மறைப்பைக் கட்டுவதற்கு முன்பே அடித்தளத் துளைகளை அடைத்துவிட வேண்டும். வரிசை மாறினால் எலியை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும்.

பேட்டரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். லித்தியம் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் அது நிரந்தரமாகக் கெடும். தானாகத் துண்டிக்கும் பாதுகாப்பு அதில் இருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள். பழைய ஈய அமில பேட்டரி என்றால், சார்ஜ் இறங்கிய நிலையில் உறைந்து விரிசல் விடக்கூடும், எனவே முழுவதும் சார்ஜ் செய்தே வைத்திருங்கள்.

பனி உருகத் தொடங்கியபோது, உறைந்து விரிசல் விட்டிருந்த இரண்டு இணைப்புகள் கசிய ஆரம்பித்தன. குளிர் போய்விட்டதே என்று அசட்டையாக இருக்காமல், பம்பை ஓட்டி அழுத்தம் ஏற்றிவிட்டு, எந்தக் குழாயையும் திறக்காதபோது பம்ப் தானாக மீண்டும் ஓடுகிறதா என்று கவனித்தால் கசிவு இருப்பது தெரிந்துவிடும். தனியாக இருக்கப் போகிறவர்களுக்கு இன்னும் ஒன்று உண்டு. நீங்கள் எங்கே நிறுத்தியிருக்கிறீர்கள் என்பது ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும், காலையில் அவருக்கு ஒரு செய்தி போக வேண்டும், வராவிட்டால் என்ன செய்வது என்று பேசி வைத்திருக்க வேண்டும். சில இரவுகள் வெளியே அறை எடுத்துத் தங்கும் அளவுக்குப் பணத்தை வேறு எதற்கும் தொடாமல் ஒதுக்கி வையுங்கள். இரண்டு வெப்ப வழிகளும் நின்று, உள்ளே 5 டிகிரிக்குக் கீழே இறங்கினால், நள்ளிரவு என்று பார்க்காமல், சாலை ஓட்டக்கூடியதாக இருக்கும்போதே கிளம்பிவிட வேண்டும். கிளம்புவதற்கு முன் பம்பை நிறுத்தி, எல்லாக் குழாய்களையும் திறந்து, டேங்கையும் தண்ணீர் ஹீட்டரையும் வடித்துவிடுங்கள். சுடுநீர் இருக்கும்போது ஹீட்டரின் வடிகுழாயைத் திறந்தால் முகத்தில் பீய்ச்சும், ஆகவே முதலில் அதை அணைத்து அழுத்தத்தை இறக்கிக்கொள்ளுங்கள்.